கோட்டைத் தாண்டிய கால்

என் வீட்டுக்காரர் காலைத் தூக்கி அட்டையின் மேல் வைத்தார். கால் கோட்டுக்குள் அடங்கவில்லை.

முந்தின நாள் நானே பென்சிலால் வரைந்த கோடு அது. அவருடைய வலது காலைச் சுற்றி, குதிகாலில் தொடங்கி விரல் நுனிகள் வழியாக வந்து மறுபடி குதிகாலில் முடித்திருந்தேன். வரைந்தபோதே கால் வீங்கித்தான் இருந்தது. வீக்கத்தையும் சேர்த்துத்தான் வரைந்தேன். ஒரு நாள் போனால் வீக்கம் வற்றி, காலுக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளை அட்டை தெரிய வேண்டும். என் கால் எப்போதும் அப்படித்தான் வற்றும்.

அவர் கால் வற்றவில்லை. இரண்டு பக்கமும் சதை கோட்டை மூடிக்கொண்டு பிதுங்கி நின்றது. சுண்டுவிரல் பக்கம் கோடே தெரியவில்லை.

"கால நேரா வையுங்க."

"நேராத்தான அம்மணி வெச்சிருக்கறேன்."

"அழுத்தாதீங்க. சும்மா வையுங்க."

"எங்க அழுத்தறேன்? நிக்கறதே பெரும்பாடா இருக்குது."

இடது கால் அட்டையை எடுத்து வைத்தேன். அந்தக் காலும் அப்படியே. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து, அவர் பாதத்தின் மேல்தோல் பளபளவென்று மின்னியது. எலும்புகள் தெரிகிற ஒல்லிக் கால் அவருடையது. இப்போது ஒரு நரம்புகூடக் கண்ணில் படவில்லை.

கட்டைவிரலால் பாதத்தின் மேல் அழுத்திவிட்டு எடுத்தேன். சப்பாத்தி மாவில் பதிந்த மாதிரி குழி விழுந்தது. குழி நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிரம்பவில்லை.

பயம் வயிற்றில் தொடங்கும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு அது கட்டைவிரலில் தொடங்கியது.

செருப்பு எதற்கு?

நாற்பது வயதுக்கு மேல் நான் ஓட ஆரம்பித்த கதையைச் சில வாரங்களுக்கு முன்னால் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நீண்ட தூரம் ஓடி முடித்ததும் காலுக்கு என்ன போடுவீர்கள்? நீங்களே செருப்பு செய்துகொள்வதாக ஓரிடத்தில் எழுதினீர்களே, அதை விவரமாகச் சொல்லக்கூடாதா?"

சொல்லலாம். ஆனால் செருப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே எனக்கு, அவர் கால் கோட்டைத் தாண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் முதல் நீண்ட ஓட்டம் முடிந்த அன்று, ஷூவைக் கழற்றியதும் கால் விரிந்துகொண்டது. மறுபடி ஷூவுக்குள் போகாது என்று அடம்பிடித்தது. கொண்டுபோயிருந்த செருப்பின் வாரும் ஏறவில்லை. பெருவிரல் நகம் கறுத்து, தொட்டால் உயிர் போயிற்று. ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்தேன்.

இதற்கென்றே கடைகளில் மெத்து மெத்தென்ற தடிச் செருப்புகள் விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். களைத்த காலுக்கு அது சேற்றில் நடப்பதுபோல் இருந்தது. கணுக்கால் இரண்டு பக்கமும் ஆடியது. என் கால் கேட்டது மெத்தையை அல்ல, தட்டையான தரையை. தரைக்கும் தோலுக்கும் நடுவே கல் குத்தாமல் ஏதாவது இருந்தால் போதும். விரல்கள் விரிய இடம் வேண்டும். வீங்கும்போது தளர்த்தவும் வற்றும்போது இறுக்கவும் தோதான ஒரு கயிறு வேண்டும்.

அப்படி ஒன்றைச் செய்ய எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், என் தொழில்தான். ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் வெட்டுகிறவள் நான். தோளும் மார்பும் இடுப்புமாக உருண்டு திரண்ட மனித உடம்பைத் தட்டை அட்டையில் கோடாக்குவதுதான் என் வேலை. சட்டைக்கு முடியும் என்றால் காலுக்கு முடியாதா?

கல்மேல் நடந்த கதை

முதல் ஜோடி படுதோல்வி.

என் வீட்டுக்காரர் சண்முகத்துக்குச் சிங்காநல்லூரில் லேத் பட்டறை. பம்புக்கு உதிரிப் பாகங்கள் கடைகிறார்கள். அங்கே கிடந்த கறுப்பு ரப்பர் ஷீட்டில்தான் முதல் ஜோடியை வெட்டினேன். ரப்பர் வளையவே இல்லை. வீடு முழுக்க டயர் எரிந்த வாடை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே துளை போட்டு, கயிற்றை விட்டு, அடியில் முடிச்சுப் போட்டிருந்தேன். நடந்தால் அடிக்கு ஒரு கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. குளியலறையில் சறுக்கி, சுவரைப் பிடித்து நின்றேன்.

இரண்டாவது ஜோடிக்குச் செருப்பு அடி போடுகிற மெல்லிய ரப்பர் வாங்கினேன். மேலே பழைய யோகா பாயை வெட்டி ஒட்டினேன். துளையின் அடியில் சின்னப் பள்ளம் தோண்டி, நைலான் கயிற்றின் நுனியை நெருப்பில் காட்டி உருக்கி, அந்தப் பள்ளத்துக்குள் தட்டையாக அமுக்கினேன். கணுக்காலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை. விரலிடுக்கில் ஏறிய கயிறு ஒரு பக்கத் துளையில் நுழைந்து, குதிகாலைச் சுற்றி, மறுபக்கத் துளை வழியாக வந்து முன்னால் முடிச்சாகும். அவ்வளவுதான் செருப்பு.

முக்கியமான விஷயம், அந்த விரலிடுக்குத் துளைதான். அது நூலளவு தள்ளிப் போனாலும் நடக்கும்போது கால் கோணிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போது குறிக்கக் கூடாது. ஆளை நிற்க வைத்து, முழு எடையும் காலில் இறங்கிய பிறகுதான் குறிக்க வேண்டும்.

"கடையில செருப்பே கெடைக்கலியா உனக்கு?" என்று அவர் கேலி செய்வார். அவருடைய அக்கா ருக்மணி செய்தது கேலி அல்ல.

நாங்கள் இருக்கிற தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அக்கா குடியிருக்கிறார். ஒரு நாள் வந்தவர், தரையில் கிடந்த ரப்பரையும் கத்தியையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம் புள்ள, செருப்பு அறுக்கற கத்திய ஊட்டுக்குள்ளயா வெப்பாங்க? ஒறம்பரை நாலு பேரு வந்து போற ஊடு. இந்தப் பொழப்பு நமக்கெதுக்கு?"

எந்தச் சனங்களின் பிழைப்பை அவர் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். உடம்பு கூசிற்று. "கால் நம்முளுதுதானுங்களே அக்கா," என்றேன். அக்கா வாசலோடு திரும்பிப் போய்விட்டார். இவர் மட்டும் அந்தக் கத்தியை எடுத்துப் பார்த்து, "மொக்கையாக் கெடக்குதே," என்று பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

புளியமரத்தடியில்

என்னைப் பார்த்துத்தான் அவரும் ஓட ஆரம்பித்தார். முதலில் ஏரிக்கரையைச் சுற்றி நடை. பிறகு சிறு ஓட்டம். பிறகு என்னைவிட வேகம். சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓட்டப் பந்தயத்துக்கு நான் குறைந்த தூரத்துக்கும் அவர் நெடுந்தூரத்துக்கும் பெயர் கொடுத்திருந்தோம். அவ்வளவு தூரம் அவர் அதற்கு முன் ஓடியதில்லை.

நான் முடித்துவிட்டு, ஷூவைக் கழற்றி என் செருப்பைக் கட்டிக்கொண்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். வாய்க்கால் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்திருந்ததால் செருப்பு ஈரமாக ஒட்டிக்கொண்டு சுகமாக இருந்தது. மைக்கில் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார்கள். முதுகில் உப்புப் பூத்த சட்டைகளோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

இவர் வரவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. வாழைத் தோப்புக்கு நடுவே போகிற அந்த மண் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் யாராவது தெரிந்தால் எழுந்து நிற்பேன். அவர் இல்லை என்று தெரிந்ததும் உட்காருவேன். மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தண்ணீர்க் கேன்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று அந்தப் பாதையில் உள்ளே போனது. அது திரும்பி வரும்வரை நான் உட்காரவில்லை. வந்த வண்டியில் இருந்தவர் வேறு யாரோ.

கடைசியாக வந்த சிலரோடு அவர் வந்தார். ஓடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துவந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

"தொடை ரெண்டும் கல்லாட்டம் ஆயிப்போச்சு. வாந்தி வேற. கூட வந்த ஒரு தம்பி வலி மாத்திரை குடுத்தாப்பல. போட்டுட்டுத்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

"எத்தன போட்டீங்க?"

"ஒண்ணு போட்டேன். கேக்கல. மறுக்கா போட்டேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் தூங்கினார். வழியில் எங்கும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை, படியிறங்க முடியாமல் பட்டறைக்குப் போகவில்லை. எந்தச் செருப்புக்குள்ளும் கால் போகவில்லை. அப்போதுதான் முதல் முறையாக, "எனக்கும் ஒரு சோடி செஞ்சு குடு அம்மணி," என்று கேட்டார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அட்டையை விரித்து, அவரை நிற்க வைத்து, காலைச் சுற்றிக் கோடு போட்டேன். பென்சில் உள்வளைவில் போகும்போது கூச்சம் தாங்காமல் சிரித்தார். நல்லது என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். குடித்தார். மாலையில் இன்னொன்று.

துளைக்குக் குறி வைப்பதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை காலை அவரை மறுபடி அட்டைமேல் நிற்கச் சொன்னேன்.

கடுங்காப்பி

குழி இன்னும் நிரம்பவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இமைகள் தடித்திருந்தன. தூக்கக் கலக்கம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அது தூக்கம் அல்ல.

"ஏனுங்க, வெடியால எந்திரிச்சு ஒண்ணுக்குப் போனீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"போனீங்களா இல்லியா?"

"வரல."

"கடைசியா எப்பப் போனீங்க?"

யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரம்தான் என்னைக் கலங்கடித்தது. இது யோசித்துச் சொல்கிற விஷயமா?

"நேத்துச் சித்தெ போனேன்."

"என்ன கலருங்க?"

அட்டையிலிருந்து காலை எடுக்கப் பார்த்தார்.

"என்ன கலருன்னு கேக்கறேன்."

"கடுங்காப்பியாட்டம் இருந்துச்சு." பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கெழம பொழுதோடவே அப்படித்தான் இருந்துச்சு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல," என்றார்.

அவரும் பயந்திருக்கிறார். இரண்டு நாளாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. கார்ச் சாவியைத்தான் தேடினேன்.

வெறுங்காலோடு அவரைக் காரில் ஏற்றினேன். நான்தான் ஓட்டினேன். திருச்சி ரோட்டில் எல்லா சிக்னலும் எங்களுக்கென்றே சிவப்பாக நின்றதுபோல் இருந்தது. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்புறம் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன படித்தேன் என்று மனதில் ஏறவில்லை.

"சித்தெ மெதுவாப் போ. கிட்னி போறதுக்கு முன்னால உசுரு போயிரும்," என்றார்.

அந்த வார்த்தையை முதலில் சொன்னது அவர்தான். அதுவரை எங்கள் இரண்டு பேர் மனதிலும் இருந்த அந்த வார்த்தை, வண்டிக்குள் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரும்பாலும்

டாக்டர் இளம் பெண். தலைமுடியை இழுத்துக் கட்டி, நிதானமாகப் பேசினார். ரத்தம் எடுத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, எல்லாம் பார்த்த பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ரொம்ப நேரம் வெயில்ல ஓடுனதுல தசை சிதைஞ்சிருக்குங்க. சிதைஞ்சது ரத்தத்துல கலந்து கிட்னியில போய் அடைச்சிருக்கு. உடம்புல தண்ணி வத்தியிருந்தப்ப வலி மாத்திரையும் போட்டிருக்காரு. அதுவும் சேர்ந்துக்கிச்சு."

"கால் வீக்கங்க?"

"யூரின் வெளிய போகல. தண்ணி உடம்புலயே நிக்குது. வீக்கம் கூடுதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

செருப்புக்கு அளவெடுத்ததைச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இன்னொரு நாள் விட்டிருந்தா சிரமமாயிருக்கும்ங்க. பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. அது இதயத்தை நிறுத்திடும். இளநி ஏதாச்சும் குடுத்தீங்களா?"

தலையசைத்தேன்.

"இனிமே வேண்டாங்க. இளநியிலயும் பொட்டாசியந்தான்." அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "இன்னைக்கே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்."

அந்தச் சொல் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதிர் வரிசையில் ஒருவர் வருடக்கணக்காக வாரத்தில் பாதி நாள் அதற்குப் போய்வருகிறார். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகத் தடித்திருக்கும்.

"வாழ்நாள் பூராவுமுங்களா?"

"இப்பச் சொல்ல முடியாதுங்க. பெரும்பாலும் கிட்னி மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சிரும்."

பெரும்பாலும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சில சமயம் அது கெட்டியான சுவராக இருந்தது. சில சமயம் அதற்குள் ஒரு ஓட்டை தெரிந்தது. பெரும்பாலும் என்றால், சிலருக்கு இல்லை என்றுதானே அர்த்தம்?

மகள் வெளியூரில் படிக்கிறாள். போன் செய்தாள். "அப்பாவுக்குக் கால் வீக்கம் கண்ணு, பாத்துக்கிட்டிருக்கோம்," என்றேன். "குரல் ஏம்மா இப்படி இருக்கு?" என்றாள். அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மத்தியானம் அக்கா வந்தார். என்னைப் பார்த்ததுமே கொட்டிவிட்டார்.

"பட்டறையுண்டு ஊடுண்டுன்னு இருந்தவன ரோட்டுல ஓட வெச்சுப்போட்டியே சாந்தாமணி! யாரு தொரத்துனாங்கன்னு ஓடுனீங்க ரெண்டு பேரும்?"

நான் நகர்ந்து இடம் விட்டேன். அக்கா அழுது முடித்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் கண்ணாடி வழியாக இரண்டு பேரும் பார்த்தோம். பையின் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் நின்றது. அது துளியும் ஏறவில்லை.

எந்தக் காலுக்கு வெட்டுவது?

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு தொடங்கிய மூச்சுத் திணறல் சில நாட்களில் குறைந்தது. டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. பை மட்டும் அப்படியே இருந்தது. எழுந்து நாலடி நடக்கலாம் என்றார்கள். வார்டில் கொடுத்த செருப்பு காலில் பாதிதான் ஏறியது. வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்று, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

அக்காதான் சொன்னார். "அந்தச் செருப்ப முடிச்சுக் கொண்டா புள்ள. நான் இங்க இருக்கறேன். பச்சக் கொழந்தையாட்டம் நிக்கறான், பாக்க முடியல."

வீட்டுக்கு வந்தேன். பகல்தான். ஆனாலும் ஆளில்லாத வீடு இருண்ட மாதிரி இருந்தது. அட்டைகள் தரையில் போட்டது போட்டபடி கிடந்தன. ரப்பரை விரித்தேன். கத்தியை எடுத்தேன். கை நின்றுவிட்டது.

எந்தக் காலுக்கு வெட்டுவது?

திங்கட்கிழமைக் கோட்டுக்கு வெட்டினால் இப்போது போட முடியாது. இப்போதைய காலுக்கு வெட்டினால், இந்த வீக்கம் இனி இருக்கத்தான் போகிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று தோன்றியது. பேட்டர்ன் வெட்டுகிறவளுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது. அளவு என்றால் அளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாமே சகுனமாகத் தெரிந்தது. உடம்பு ஆஸ்பத்திரியில் கிடக்க, அதன் காலுக்கு இங்கே செருப்பு வெட்டுகிறேனே, இதைப் போட்டுக்கொள்ள அவர் வருவாரா என்ற நினைப்பு வந்ததும் கத்தி நழுவி ரப்பரில் கோணலாக ஒரு வெட்டு விழுந்தது.

அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். சாமி அறைக்குப் போகவில்லை. போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கோட்டுக்கு வெளியே விரலளவு விட்டு, பெரிய காலுக்கே வெட்டினேன். கயிற்றை மட்டும் வழக்கத்தைவிட நீளமாக விட்டேன். இந்தச் செருப்பில் ரப்பர் வற்றாது, கயிறு இறுகும். இறுக வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே நுனியை நெருப்பில் காட்டினேன். நைலான் உருகி விரலில் சொட்டியது. பிறகு கொப்புளம் எழும்பியபோதுதான் சுட்டது தெரிந்தது.

விரலிடுக்குத் துளையை மட்டும் போடவில்லை. அதற்கு அவர் நிற்க வேண்டும். துளை போடுகிற உளியையும் சுத்தியலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். சுத்தியலைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க இது?" என்றார். "செருப்புக்குங்க," என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் மேலே கேட்கவில்லை.

அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் தரையில் உட்கார்ந்து குறி வைத்தேன். நர்சுக்குத் தெரியாமல் படிக்கட்டுக்குப் போய், முதல் படியில் வைத்துத் துளை போட்டேன். செருப்பை அவர் காலில் நான் வைத்தேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டது அக்கா. குனிந்து, அந்த ரப்பரைத் தன் கையாலேயே குதிகாலுக்கு நேராக நகர்த்தினார். "இறுக்கமா இருக்குதா கண்ணு?" என்று தம்பியைக் கேட்டார்.

இவர் செருப்போடு ஜன்னல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். அவ்வளவுதான் முடிந்தது.

அதற்குப் பிறகும் நாட்கள் போயின. காலையில் டாக்டர் வரும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவர் கையில் இருக்கும் பேனாவைத்தான் பார்ப்பேன். பேனா நின்று யோசித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம், நர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "அக்கா, இங்க பாருங்க," என்றார். பையில் பழுப்பாக இறங்கியிருந்தது. மறுநாள் டீ நிறம். அதற்கு மறுநாள் வைக்கோல் நிறம். பை நிறையத் தொடங்கியது. ருக்மணி அக்கா அந்தப் பையின் முன்னால் நின்றுகொண்டு சிரித்தார், அழுதார். "ஊரு ஒலகத்துல மூத்தரத்தப் பாத்து ஆனந்தக் கண்ணீர் உடற குடும்பம் நாமதான் புள்ள," என்றார்.

தினமும் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டும்போது கயிறு கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சிய கயிற்றைக் கணுக்காலில் இன்னொரு சுற்றுச் சுற்றினோம். டயாலிசிஸை நிறுத்தினார்கள். பாதத்தில் நரம்பு தெரிய ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு

பயம் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மாதக்கணக்கில் ஓட்டம் கூடாது, ஓடுகிற நாளில் வலி மாத்திரை எந்தக் காலத்திலும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவர் குளியலறைக்குள் போனால் நான் வெளியே நிற்பேன். முதலில் அவருக்கு எரிச்சல். பிறகு அவரே உள்ளேயிருந்து குரல் கொடுக்கப் பழகிவிட்டார். "தெளிவா இருக்குது அம்மணி!" தெருவுக்கே கேட்கும்.

நானும் ஓடவில்லை. ஷூவை எடுப்பேன், வைப்பேன். மண் பாதையைப் பார்த்தால் புளியமரத்தடி ஞாபகம் வந்து திரும்பிவிடுவேன். எனக்கென்று புதுச் செருப்பு வெட்டவும் மனம் வரவில்லை. அதெல்லாம் சமீபத்தில்தான் மறுபடி தொடங்கியிருக்கிறது. அவர் இப்போது ஏரிக்கரையில் நடக்கிறார். நான் முன்னால் ஓடி, திரும்பி வந்து அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடுகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதம் இருக்கும். உடுமலையில் ஒரு கல்யாணம். கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நான் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் பக்கத்தில் அவர் இல்லை. கூட்டத்துக்கு நடுவே, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பூக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பூவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போயிற்று.

"பஸ்ஸு பொறப்பட்டிருச்சு அம்மணி. அதப் புடிக்கத்தான்..."

உடுமலை பஸ் எங்களைக் கடந்து வெளியே போய் ரோட்டில் திரும்பியது. கண்டக்டர் படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

"போகட்டுமுங்க," என்றேன்.

"போகட்டும்," என்றார் அவரும்.

அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றோம். அதுவரை அவர் சட்டையை நான் விடவில்லை. விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.